இரண்டாம் விருப்பத்தில் வென்ற வி.வி.கிரி



மாணவர் பேரவை மலருக்கு ஆளுக்கொரு தலைவரின் வாழ்க்கை எழுத வேண்டும் என்று மலர்க் குழுவினர் சொன்ன உடனே காந்தி, காமராசர், அண்ணா, கலாம் எல்லாரையும் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. நான் வி.வி.கிரி என்றேன். யாரு, பழைய ஜனாதிபதியா, அவரைப் பற்றி என்ன இருக்கு என்று பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான். நிறைய இருக்கு என்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரணம் இல்லாமல் இவரைப் பிடிக்கவில்லை. போன பேரவைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். ஜெயித்தவருக்கு விழுந்த ஓட்டு மொத்தத்தில் பாதி கூட இல்லை. எதிர்த்து விழுந்த ஓட்டுதான் அதிகம், அப்புறம் எப்படி இவர் எல்லாருக்கும் தலைவர் என்று கேன்டீனில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கெமிக்கல் பிரிவு நண்பர் ஒருவர் மறுபடியும் ஓட்டு போடணும் என்றார். மெக்கானிக்கல்காரர்கள் ஒரு ஓட்டு கூட இருந்தாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இந்தச் சண்டை நம்ம கேன்டீனோடு முடிகிறதல்ல. உலகத்தில் ஒவ்வொரு நாடும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களில் நாலைந்தைத் தன் சொந்த வாழ்க்கையிலேயே அனுபவித்த ஒரு மனிதர் உண்டு என்றால், எனக்குத் தெரிந்து அது கிரிதான். ஒரு முறையில் ஒரு ராஜாவைத் தோற்கடித்தார், இன்னொரு முறையில் அவரே தோற்றார், மூன்றாவது முறையில் நாட்டின் முதல் குடிமகன் ஆனார்.

வராககிரி வேங்கட கிரி 1894 ஆகஸ்ட் 10ஆம் தேதி பெர்காம்பூரில் பிறந்தார். இன்று அது ஒடிசாவில் இருக்கிறது. அன்று கஞ்சம் ஜில்லா. நம்ம சேலம் ஜில்லா மாதிரியே சென்னை மாகாணத்தில் ஒரு பகுதி. தெலுங்குக் குடும்பம். தகப்பனார் ஜோகய்யா பந்துலு பெயர் பெற்ற வக்கீல். பிள்ளையும் வக்கீலாகட்டும் என்று 1913இல் படிக்க அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பையன்கள் லண்டனுக்குப் போவார்கள். கிரி போனது அயர்லாந்துக்கு, டப்ளின் நகரத்துக்கு.

அயர்லாந்தும் அப்போது நம்மைப் போல வெள்ளைக்காரன் கீழே இருந்த நாடு. கிரி படித்த யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்த தாமஸ் மக்டொனா, 1916 ஈஸ்டர் எழுச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்களில் ஒருவர். தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியும் அப்படியே உயிர் விட்டார். வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்தவரைச் சுட்டுக் கொன்றால் படிக்கிற பையன் மனசு எப்படி இருக்கும்? அந்த விடுதலைக்காரர்களோடு பழக்கம் வைத்திருந்தார் என்பதற்காக கிரியும் 1916இல் அந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தொழிலாளியைச் சங்கமாகச் சேர்க்காமல் சுதந்திரம் முழுசாகாது என்ற எண்ணம் அங்கே பிடித்ததுதான், கடைசி வரை விடவில்லை.

இங்கே அயர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், பின்னால் உதவும். கிரி ஊர் திரும்பிய சில வருடங்களில் அயர்லாந்து சுதந்திரம் பெற்றது. பிரிட்டிஷ்காரனின் தேர்தல் முறையை, அதாவது முந்தினவருக்கே வெற்றி என்ற முறையை, அது வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். ஓட்டர் தன் சீட்டில் 1, 2, 3 என்று வரிசையாக விருப்பத்தை எழுத வேண்டும். முதல் விருப்பம் பெற்றவர் தோற்று வெளியேறினால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போகாது. இரண்டாவது விருப்பம் யாரோ அவர் கணக்கில் சேரும். ஒற்றை மாற்று வாக்கு என்று இதற்குப் பெயர். இதை எடுத்துவிட்டு பிரிட்டிஷ் முறைக்கே போய்விடலாமா என்று அயர்லாந்து அரசு 1959இலும் 1968இலும் மக்களிடம் கேட்டது. இரண்டு தடவையும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திரும்பி வந்த கிரி சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டு பெர்காம்பூரில் வக்கீல் தொழில் பார்த்தார். நல்ல வருமானம். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அதை விட்டுவிட்டார். 1922இல் கள்ளுக்கடை மறியலில் சிறை. அதற்கப்புறம் ரயில்வே தொழிலாளிகள்தான் அவர் உலகம். 1923இல் அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்; பத்து வருடத்துக்கு மேல் அதன் பொதுச் செயலாளர். 1928இல் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் ஆட்குறைப்புக்கு எதிராக அவர் நடத்திய வேலைநிறுத்தம் அடிதடி இல்லாமல் நடந்து வெற்றியும் பெற்றது. ஏ.ஐ.டி.யு.சி. தலைவராக 1926இல் ஒரு முறையும் 1942இல் ஒரு முறையும் இருந்தார். ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் மாநாடு, லண்டனில் இரண்டாவது வட்டமேஜை மாநாடு என்று இரண்டிலும் தொழிலாளர் பிரதிநிதியாக உட்கார்ந்தார். நம்மில் பலர் அப்ரண்டிஸாகப் போய் எந்தச் சங்கத்தில் சந்தா கட்டுவது என்று யோசிக்கப் போகிறவர்கள். இவர் யார் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

1934இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937இல்தான் பெரிய போட்டி. சென்னை மாகாண சட்டசபைத் தேர்தல். பொப்பிலி தொகுதியில் எதிரே நின்றவர் பொப்பிலி ராஜாவேதான். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர், மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், தொகுதி முழுக்க அவர் ஜமீன். இந்தப் பக்கம் ரயில்வே கூலிக்காரர்களுக்காக ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு வக்கீல். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுத்துத் தெரியாதவனும் நிறத்தைப் பார்த்து ஓட்டுச் சீட்டைப் போடட்டும் என்று கட்சிக்கொரு நிறத்தில் பெட்டி வைத்த காலம் அது. ராஜா தன் சொந்த மண்ணிலேயே தோற்றார். 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. ராஜாஜி மந்திரிசபையில் கிரி தொழிலாளர், தொழில் துறை மந்திரி ஆனார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தத் தேர்தலில் ஓட்டு போட்டது யார்? வயசு வந்தவர் எல்லாருமா? இல்லை. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் ஓட்டு. சபையில் இடங்களையும் கூறு போட்டு வைத்திருந்தார்கள். முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, ஜமீன்தார்களுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6, வணிகம் தொழில் தோட்டத்துறை முதலாளிகளுக்கு 6, பழங்குடிகளுக்கு மாகாணம் முழுவதற்கும் 1. நான் ஏற்காட்டுக்காரன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டு ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. என் அப்பா, தாத்தா எல்லாம் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர்கள். 1937இல் தோட்டத்து துரைமாருக்கு ஊரில் ஒரு ஓட்டு, அதற்கு மேல் தங்கள் தொழிலுக்கென்று ஒதுக்கிய இடங்களில் இன்னொரு குரல். அதே தோட்டத்தில் பழம் பறித்தவருக்குச் சொத்தும் இல்லை, படிப்பும் இல்லை, ஓட்டும் இல்லை. மலையாளி சனங்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் நிலையும் அதுதான். எந்த முறையில் எண்ணுகிறார்கள் என்று இன்றைக்கு நாம் சண்டை போடுகிறோம். எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது பாருங்கள், அது அதைவிடப் பெரிசு.

இந்தக் கேள்வி கிரியின் முகத்துக்கு நேராக வந்து நின்ற இடம் இலங்கை. நடுவில் 1942 போராட்டத்தில் சிறை, 1946இல் பிரகாசம் மந்திரிசபையில் மறுபடியும் தொழிலாளர் இலாகா. 1947இல் சுதந்திர இந்தியா அவரை இலங்கைக்கு ஹை கமிஷனராக அனுப்பியது. அங்கே 1931லேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளிகளுக்கு நிபந்தனைகள் போட்டிருந்தார்கள், ஆனாலும் கணிசமான பேருக்கு ஓட்டு இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள்தான் அவர்களில் நிறைய. ஏற்காட்டுத் தோட்டத்தில் இருந்தவருக்கு ஓட்டு இல்லாத காலத்தில், கண்டியில் அதே வேலை செய்தவர் ஓட்டு போட்டிருக்கிறார்! 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தமிழர்களே உறுப்பினர்களாகப் போனார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றார்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே அடியில் பட்டியலிலிருந்து போனார்கள். ஆயுசு முழுக்கத் தொழிலாளிக்காக வாதாடியவர், அப்போது கொழும்பில் இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாட்டின் பார்லிமெண்டு சட்டம் போட்டால் தூதரால் பேச முடியும், எழுத முடியும், அவ்வளவுதான். அதே 1949 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபை வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று முடிவு செய்து சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே இருந்த தம்பிக்குப் போச்சு, இங்கே இருந்த அண்ணனுக்கு வந்தது.

1951-52 பொதுத்தேர்தலில் கிரி பாதப்பட்டினம் தொகுதியிலிருந்து லோக்சபாவுக்குப் போனார். நேரு அவரைத் தொழிலாளர் மந்திரி ஆக்கினார். தகராறு வந்தால் அரசாங்கமும் ட்ரிப்யூனலும் தலையிடுவதைவிட முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்பது அவர் கொள்கை. கிரி அணுகுமுறை என்று பாடப் புத்தகத்தில் இன்றும் வருகிறது. மந்திரிசபையில் அதற்கு ஆதரவு குறைவு. 1954இல் பாங்க் ஊழியர்களுக்குச் சாதகமாக வந்த ட்ரிப்யூனல் தீர்ப்பை அரசு குறைத்தது. நான் தொழிலாளர் மந்திரியாக இருந்து இதற்குக் கையெழுத்துப் போடுவதா என்று ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார். பாங்க் என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1957க்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் இன்று நாம் மறந்தே போன ஒரு ஏற்பாடு இருந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952இல் லோக்சபாவுக்கு 401 தொகுதிகள், ஆனால் 489 உறுப்பினர்கள். எப்படி? 86 தொகுதிகளில் இரண்டிரண்டு பேர், வங்காளத்தில் ஒரே ஒரு தொகுதியில் மூன்று பேர். 1957இல் இரட்டைத் தொகுதிகள் 91. இரண்டு இடத்தில் ஒன்று பொது, மற்றது தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடிகளுக்கோ ஒதுக்கியது. ஒவ்வொரு ஓட்டருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. எண்ணும்போது முதலில் ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர்களில் யார் அதிகமோ அவருக்கு அந்த இடம். அப்புறம் மிச்சமுள்ள எல்லாரிலும் யார் அதிகமோ அவருக்குப் பொது இடம். நல்ல ஏற்பாடுதானே? பொது ஓட்டர்களும் பழங்குடி வேட்பாளரைப் பார்த்து ஓட்டு கேட்கச் சொல்வார்கள், அவர்களும் இவர்களிடம் வருவார்கள். தனியாக ஒதுக்கி வைத்த மாதிரி இருக்காது.

கிரி 1957இல் நின்றது பார்வதிபுரம். ஆந்திராவின் வடக்கு மலையோரம், அதுவும் இரட்டைத் தொகுதி, ஒன்று பழங்குடிகளுக்கு. முடிவு வந்தபோது எல்லாரும் ஆடிப்போனார்கள். முதலிடம் பித்திகா சத்தியநாராயணா, பழங்குடி. இரண்டாமிடம் திப்பல சூரி தோரா, அவரும் பழங்குடி. மூன்றாவதுதான் கிரி. இரண்டாமவருக்கும் இவருக்கும் வித்தியாசம் ஆயிரம் ஓட்டு கூட இல்லை. சத்தியநாராயணாவுக்கு ஒதுக்கிய இடம் போயிற்று. பொது இடத்துக்கு மிச்சமுள்ளவர்களில் அதிகம் யார்? சூரி தோரா. ஆக, இரண்டும் பழங்குடிகளுக்கே. முன்னாள் மத்திய மந்திரி, முன்னாள் தூதர், ராஜாவையே தோற்கடித்தவர், வெளியே!

கிரி விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். ஒதுக்கப்பட்ட இடத்துக்கு என்று மனு போட்டவர் பொது இடத்தை எப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறி 1959இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கிரிக்கு எதிராகச் சொன்னார்கள். ஒதுக்கீடு என்பது இவ்வளவாவது கிடைக்கணும் என்ற உத்தரவாதமே தவிர இதற்கு மேல் கூடாது என்று போட்ட வேலி அல்ல. பழங்குடி ஆள் பொது ஓட்டர்களின் ஓட்டையும் வாங்கி முந்தினால் பொது இடமும் அவருக்கு உரிமைதான் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தபோது கிரி உத்தரப் பிரதேச கவர்னர் மாளிகையில் இருந்தார். கவர்னராக இருந்துகொண்டே கேஸில் தோற்றவர்.

எனக்கு இதில் கிரி பக்கமும் கொஞ்சம் அனுதாபம் உண்டு, ஆனால் தீர்ப்புதான் சரி என்று நினைக்கிறேன். எங்க மலையில் இதைச் சொன்னால் எந்தப் பெரியவரும் சட்டென்று புரிந்துகொள்வார். ஏன்னா ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினர் தொகுதி. தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் பழங்குடிகளுக்கு உள்ளது இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். நிற்பவர் பழங்குடியாக இருக்க வேண்டும். ஓட்டு போடுவது எல்லாரும். மலை மேல் இருப்பவர்களோடு கீழே சமவெளியில் இருக்கிற ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மலையாளி ஒருவர் பக்கத்துப் பொதுத் தொகுதியில் நின்று ஜெயிக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. தடை இல்லைதான், சீட்டு கொடுக்கத்தான் கட்சி இல்லை.

பார்வதிபுரம் மாதிரி முடிவுகள் பெரிய இடத்தில் முணுமுணுப்பைக் கிளப்பின. இரட்டைத் தொகுதி ரொம்பப் பெரிசு, செலவு அதிகம், வேட்பாளரால் சுற்ற முடியவில்லை என்ற குறைகளும் உண்மையாகவே இருந்தன. 1961இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். 1962 முதல் ஒரு தொகுதிக்கு ஒரு ஆள்தான். பார்வதிபுரம் பழங்குடிகளின் தனித்தொகுதி ஆகி, 2008 தொகுதி மறுசீரமைப்பு வரைக்கும் அப்படியே இருந்தது.

கிரி உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களில் கவர்னர். 1967இல் துணைக் குடியரசுத் தலைவர். இந்தப் பத்து வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடலாம், தப்பில்லை. 1969 மே 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் காலமானார். கிரி தற்காலிகத் தலைவர் ஆனார்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு சினிமா. காங்கிரசில் பெரியவர்கள் கோஷ்டி ஒரு பக்கம், பிரதமர் இந்திரா காந்தி ஒரு பக்கம். கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. இந்திராவுக்கு அதில் இஷ்டமில்லை. ஜூலை 19ஆம் தேதி 14 பாங்குகளை நாட்டுடைமை ஆக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் தற்காலிகத் தலைவர் கிரி. பாங்க் ஊழியர்களுக்காக 1954இல் பதவியை விட்டவரின் கையெழுத்து! மறுநாளே ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை. தலைமை நீதிபதி இதயதுல்லா தற்காலிகத் தலைவரானார். காங்கிரஸ்காரர்கள் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று இந்திரா சொல்லிவிட்டார். கம்யூனிஸ்டுகள், அகாலிகள், இங்கே தி.மு.க. எல்லாம் கிரி பக்கம். ஜனசங்கமும் சுதந்திராவும் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின. மொத்தம் 15 வேட்பாளர்கள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நாம் ஓட்டு போடுவதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள், அதுவும் அயர்லாந்து பாணியில் 1, 2, 3 என்று எழுதி. பட்டன் அமுக்குகிற வேலை இல்லை. ஓட்டுக்கு மதிப்பும் உண்டு. மாநில ஜனத்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971 கணக்கெடுப்பின்படி 2022 தேர்தலில் நம்ம ஏற்காடு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு 208, சிக்கிம்காரருக்கு வெறும் 7. எம்.பி.க்கு 700. செல்லும் ஓட்டுகளின் மதிப்பில் பாதிக்கு மேல் வாங்கியவர்தான் ஜெயிப்பார். முந்தினா மட்டும் போதாது.

1969 ஆகஸ்ட் 16இல் ஓட்டு, 20இல் எண்ணிக்கை. செல்லும் ஓட்டின் மதிப்பு 8,36,337. ஆக வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. நம்ம கேன்டீன் கணக்குப்படி கிரி அப்போதே ஜெயித்தாச்சு, மாலை போட்டிருப்போம். ஆனால் பாதிக்கு இன்னும் 16,654 குறைகிறது! கீழேயிருந்து ஒவ்வொருவராக வெளியேற்றி அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைப் பார்த்தார்கள். கடைசியில் தேஷ்முக்கின் சீட்டுகள். அதில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போயிற்று. அவர் 4,05,427க்கு ஏறிவிட்டார். ஒரு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட இருந்த இடைவெளி பதினைந்தாயிரத்துக்கும் கீழே சுருங்கியது. கிரிக்கு வந்து சேர்ந்தது 18,562 மட்டும். மொத்தம் 4,20,077. தேவைக்கு மேல் இரண்டாயிரத்துக்கும் குறைவான கொஞ்சம் மிச்சம். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் விருப்பத்தில் முடிவு தெரியாமல் இரண்டாம் விருப்பத்துக்குப் போனது அந்த ஒரு தடவைதான்.

இங்கே கொஞ்சம் கவனிக்கணும். முந்தினவர் எப்போதும் கடைசியில் ஜெயிப்பார் என்று இந்த முறையில் உறுதி இல்லை. 1990இல் அயர்லாந்து ஜனாதிபதி தேர்தலில் முதல் எண்ணிக்கையில் முந்தியவர் பிரையன் லெனிஹன். மூன்றாமவர் வெளியேறியதும் அவர் சீட்டுகள் மேரி ராபின்சன் பக்கம் சாய்ந்து அவர் ஜெயித்துவிட்டார். இலங்கையிலும் ஜனாதிபதிக்கு மூன்று விருப்பம் வரை எழுதலாம். 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதி வரவில்லை. சுமார் 42 சதவீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க, அந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக நடந்த இரண்டாம் விருப்ப எண்ணிக்கைக்குப் பிறகுதான் வெற்றி பெற்றார். கிரியின் காலத்தில் பட்டியலிலிருந்து துடைக்கப்பட்ட மலையகத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சீட்டில் 1, 2, 3 எழுதினார்கள். பிரான்சில் வேறு மாதிரி: பாதி வராவிட்டால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி ஓட்டு. கெமிக்கல் நண்பர் கேட்டது இதைத்தான், அவருக்குத் தெரியாமலே பிரெஞ்சு முறையைக் கேட்டிருக்கிறார். ஜெர்மனியில் ஆளுக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு. கட்சி வாங்கிய சதவீதத்துக்கு ஏற்ப இடம். நமக்கு லோக்சபாவிலும் சட்டசபையிலும் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன முறையே. பிடிக்கலைன்னா நோட்டா உண்டு. தமிழ்நாட்டில் அந்த நோட்டா பட்டன் முதலில் வந்ததே 2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலில்தான், எங்க ஊருக்கு அந்தப் பெருமை! ஆனா நோட்டா எத்தனை வாங்கினாலும் முந்தின வேட்பாளர்தான் எம்.எல்.ஏ.

சுயேச்சையாக நின்று குடியரசுத் தலைவர் ஆனவர் கிரி ஒருவர்தான். ஆகஸ்ட் 24இல் பதவி ஏற்றார். அந்த வருடம் நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. இவர் தேர்தலையும் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். சஞ்சீவ ரெட்டியை அவதூறு செய்யும் துண்டுப் பிரசுரம் பார்லிமெண்டு மைய மண்டபத்தில் சுற்றியது, அது கிரியின் சம்மதத்தோடு நடந்தது என்று புகார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் சுப்ரீம் கோர்ட்டில் நேரில் வந்து சாட்சி சொன்னார். அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. 1970இல் மனுக்கள் தள்ளுபடி ஆயின. 1957இல் தானே வழக்குப் போட்டுத் தோற்றவர், இப்போது தன் மேல் போட்ட வழக்கில் ஜெயித்தார்.

குடியரசுத் தலைவராக அவர் என்ன செய்தார் என்றால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அரசு அனுப்பிய கோப்பில் கையெழுத்துப் போட்டார் என்ற குறை அன்றைக்கே இருந்தது, அது நியாயமான குறைதான். 1974இல் சட்டம் மாற்றி, பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று வைத்தார்கள்; 15 பேர் நின்ற கூத்துக்கு அது மருந்து. 1997இல் அது ஐம்பது ஐம்பதாக உயர்ந்தது. இனி கிரியைப் போல் சுயேச்சையாக ஒருவர் நிற்பது அவ்வளவு லேசல்ல.

1974 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்தது. 1975இல் பாரத ரத்னா. வயதான காலத்தில் சென்னையில் குடியிருந்தார். மனைவி சரஸ்வதி பாய், பதினாலு பிள்ளைகள். 1980 ஜூன் 24ஆம் தேதி சென்னையிலேயே காலமானார். நொய்டாவில் உள்ள தேசிய தொழிலாளர் நிலையத்துக்கு 1995இல் அவர் பெயரை வைத்தார்கள்.